ஆட்டுத்தோலில் வந்த கடல்

தேவானந்தம் பெண் பார்க்கப் போன அன்று, காப்பி பலகாரமெல்லாம் முடிந்தபின் பெண்ணின் மாமா, "பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார். "புடிச்சிருக்கலாம்" என்றான் தேவானந்தம். மாமா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் பிறவியே அப்படி. கல்யாணத்தன்று சர்ச்சில் போதகர் கேட்ட கேள்விக்கும் அவன் யோசித்த யோசிப்பில், வாத்தியக்காரர் பதில் வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். பாட்டின் நடுவில்தான் அவன் "ஆம்" என்றான். அதைக் காதால் கேட்டவர்கள் போதகரும் பொன்மலரும் மட்டுமே. வந்திருந்த ஜனம் முழுவதும் பொன்மலரின் முகத்தில் சிரிப்பைப் பார்த்துத்தான் கல்யாணம் நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டது.

தேவானந்தம் ஜியாலஜிஸ்ட். எண்ணெய் தேடும் அரசாங்க நிறுவனம் ஒன்றில் வேலை. தஞ்சாவூர் ஜில்லாவின் கடலோரத்தில் முகாம். பொன்மலர் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு வாடகைக்கு. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஓடியும், லீவுக்கு வந்து போகிற விருந்தாளி மாதிரிதான் அந்த வீட்டில் அவன் இருந்தான். "உங்க கேம்ப்புக்கு நான் வந்துடட்டுமா?" என்று அவள் ஒரு தரம் கேட்டாள். "வந்தா நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா உன் வேலை இருக்கு. அந்த ஊர்த் தண்ணி வேற உனக்கு ஒத்துக்குமோ என்னவோ" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கூப்பிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப அவள் தயார்; கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. இது தேவானந்தத்தைத் தவிர வேலூரில் அவளை அறிந்த எல்லாருக்கும் தெரியும்.

1983-இல் அவன் வேலைக்கே ஆபத்து வந்தது. அது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம்.

நிறுவனம் கடலோரத்தில் தோண்டிய கிணறு ஒன்றில் எண்ணெய் வந்தது. தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு மணற்பாறை; அதற்குள்தான் எண்ணெய். மணற்பாறைக்கு அடியில் களிமண் பாறை. இரண்டும் சேருகிற இடம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று வந்து களிமண்ணை அரித்து வாரிக்கொண்டு போய், அரித்த இடத்தின்மேல் மணலைக் கொட்டியிருக்கிறது. அரித்தது யார் என்பதுதான் கேள்வி. ஆறு அரித்திருந்தால் அந்த மணல் பாலாறு கிடப்பதுபோல மேற்கும் கிழக்குமாக நீண்டு கிடக்கும். கடல் அலை கரையைத் தின்றுகொண்டே உள்ளே வந்திருந்தால், பழைய கரையோரமாக வடக்கும் தெற்குமாகக் கிடக்கும். அடுத்த கிணற்றைக் கிழக்கே போடுவதா, வடக்கே போடுவதா என்பது இந்த ஒரு பதிலில் இருந்தது. தப்பான பக்கம் போட்டால் அத்தனை ஆழமும் தோண்டி வெறும் களிமண்ணைத் தரிசித்துவிட்டு வர வேண்டியதுதான்.

கிணற்றுக்குள்ளிருந்து அந்தப் பாறையைக் குழாய் குழாயாக வெட்டி மேலே கொண்டுவந்திருந்தார்கள். அதற்குக் கோர் என்று பெயர். அதை நெடுக்குவாட்டில் பிளந்து, பார்த்து, பதில் சொல்வது தேவானந்தத்தின் பொறுப்பு. அவன் பார்த்தான். எழுதினான். 'ஆற்றுப் படிவாக இருக்கலாம். கடற்கரைப் படிவாகவும் இருக்கலாம். இரண்டும் கலந்திருக்கும் வாய்ப்பையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை.'

சென்னை ஆபீசில் தலைமை ஜியாலஜிஸ்ட் வேதாசலம் அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"தேவானந்தம், உங்க ரிப்போர்ட்டைப் படிச்சு முடிச்சதும் நான் வேதாசலந்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"சார், மணலும் சாம்பல் நிறம், களியும் சாம்பல் நிறம். உள்ள குழாய் குழாயா ஏதோ தெரியற மாதிரி இருக்கு. கடல் பூச்சி குடைஞ்ச வளையா இருந்தா கடல்தான். ஆனா அது வளைதானான்னு..."

"டில்லியிலேர்ந்து பெரியவர் வர்றார். அதுக்குள்ள ஒண்ணு ஆறுன்னு சொல்லுங்க, இல்ல கடல்னு சொல்லுங்க. சொல்ல முடியலேன்னா சிவசாகருக்கு மாத்திடுவேன். அஸ்ஸாம்ல மழையைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு வேணும்னாலும் யோசிக்கலாம்."

அஸ்ஸாம் என்றதும் தேவானந்தம் மனசுக்குள் கணக்குப் போட்டான். தஞ்சாவூரிலிருந்தே மாசத்துக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வர முடிகிறது. அஸ்ஸாம் போனால் பொன்மலரை வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தால் உண்டு. அவன் லீவு போட்டான். கோரை வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கிறேன் என்று கெஞ்சி, கையெழுத்துப் போட்டு, நாலு மரப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு சத்துவாச்சாரி வந்து சேர்ந்தான்.

வீட்டுக்காரம்மா கமலம் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டாள். "இன்னாப்பா இது, நாலு பொட்டி கல்லு? மாடி தாங்குமா? நானே கீழ படுத்துத் தூங்கறேன்" என்றாள். அவள் பயம் நியாயம்தான்.

அப்போதுதான் தேவானந்தத்துக்கு ஆம்பூர் ஹயாத் பாஷாவின் ஞாபகம் வந்தது. வாணியம்பாடியில் கூடப் படித்த தோஸ்த். இப்போது அப்பாவின் டேனரியை, தோல் பதனிடும் ஷாப்பை, பார்த்துக்கொள்கிறான். ஊரில் பாதிப் பேர் குரோம் ரசாயனத்துக்கு மாறிய பிறகும், அவன் ஷாப்பில் பழைய பட்டைக் குழிகள் சில மிச்சமிருந்தன. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஆட்டுத்தோலை நாள்கணக்கில் ஊறப்போடுகிற குழிகள்.

"உனக்கு இல்லாத எடமா? மூலையில வச்சிக்கோ. எப்ப வேணும்னாலும் வந்து பாரு. ஜாஸ்தி யோசிக்காதே, அதுதான் உனக்கு ஒடம்புக்கு ஆகாது" என்றான் ஹயாத் பாஷா.

தேவானந்தம் இரண்டு நாள் ஆம்பூருக்குப் போய், மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, லென்சை வைத்துக் கோரைப் பார்த்தான். ஆறாக இருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. கடலாக இருக்கலாம் என்று மறுநாள் தோன்றியது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. பொன்மலர் தர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தாள். "இதுல மட்டும் சந்தேகமே இல்ல. நூத்தி ரெண்டு. படுங்க" என்றாள். ஒரு வாரம் அவனைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை.

அந்த வாரத்தில் ஹயாத் பாஷா வியாபார விஷயமாகக் கான்பூர் போய்விட்டான். ஷாப்பு, மேஸ்திரி சாமிநாதன் பொறுப்பில் இருந்தது.

பட்டைக் குழியில் தோலைப் போட்டால் அது சும்மா கிடக்காது. உப்பி மேலே மிதக்கும். மிதந்தால் மேல் தோலுக்குச் சாறு ஏறாது. அதனால் மேலே கல் வைத்து அமுக்குவார்கள். எந்தக் கல்லையும் வைத்துவிட முடியாது. முனை இருந்தால் தோல் கீறிப்போகும். வழவழப்பான கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. சாமிநாதன் வருஷக்கணக்காக விரிஞ்சிபுரம் வரைக்கும் பாலாற்றில் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்த மனிதர்.

மூலையில் இருந்த பெட்டியை அவர் திறந்து பார்த்தார். பஞ்சு மெத்தையில் வரிசையாகக் கற்கள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை, முனை என்பதே கிடையாது, எல்லாம் ஒரே அளவு. நல்ல கனம். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் வேறு. சாமிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. 'நாப்பது வருஷத்துல எந்த மொதலாளிக்கும் தோணாதது நம்ம பாய்க்குத் தோணியிருக்குதே' என்று மனசாரப் புகழ்ந்துவிட்டு, நம்பர் மாறாமல் வரிசையாக மூன்றாம் குழியில் இறக்கினார். தட்டைப் பக்கம் தோல்மேல் படிகிற மாதிரி.

காய்ச்சல் விட்டு தேவானந்தம் ஆம்பூர் வந்தபோது ஷாப்பில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கான்பூரிலிருந்து அன்று காலைதான் இறங்கிய ஹயாத் பாஷா, குழிமேட்டில் நின்று ஒரு தோலைக் கையில் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய தோல் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி.

"இரும்பு பட்டிருக்குது! பட்டைத் தண்ணியில இரும்பு பட்டா மசியாக் கறுத்துப்போகும்னு தெரியாதா உனக்கு? இன்னாத்தைப் போட்டே உள்ள?"

"நீங்க வாங்கியாந்த கல்லைத்தான் போட்டேன், மொதலாளி" என்றார் சாமிநாதன்.

"நான் எங்கய்யா கல்லு வாங்கினேன்?"

தேவானந்தம் காலிப் பெட்டிகளைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் கோர்..." என்றான். "அரசாங்கத்துக் கோர்!"

"உன் கல்லா இது?" என்று ஹயாத் பாஷா அவன்மேல் பாய்ந்தான். "ஒரு குழித் தோல் போச்சிடா எனக்கு! கல்லுல இரும்பு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கல்லைக் கொண்டுபோய் ஊறப்போடுவீங்கன்னு நான் கண்டனா? என் உத்தியோகமே போச்சு!"

"ஊறப்போட்டதுல கல்லுக்கு இன்னாய்யா கெட்டுப்போச்சு? என் தோலைப் பாரு!"

இருவரும் ஒருவரை ஒருவர் கெடுத்த கணக்கைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார்கள். சாமிநாதன் மட்டும் குழியிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, துடைத்து, நம்பர் வரிசைப்படி தரையில் அடுக்கினார். "மூணு துண்டு கரைஞ்சி சேறாப் போச்சு, சாரு. வெறும் களிமண்ணு போல. மத்ததெல்லாம் கிண்ணுன்னு இருக்குது" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

ஹயாத் பாஷா கையிலிருந்த தோலை வெறுத்துப்போய் தேவானந்தத்தின் மடிமேல் எறிந்தான். "இந்தா, இதையும் நீயே வச்சிக்கோ."

தேவானந்தம் அதைப் பார்க்கும் மனநிலையில் இல்லை. ஆனால் மடியில் விழுந்ததை எத்தனை நேரம் பார்க்காமல் இருப்பது? அந்தக் கறுப்புப் புள்ளிகள் புள்ளிகள் அல்ல. வளையங்கள். நடுவில் தேன் நிறம், சுற்றிலும் கறுப்பு விளிம்பு, காசு வைத்து வரைந்த மாதிரி. சில இடத்தில் வளையம் நீண்டு, முடிச்சு முடிச்சாக வளைந்து ஓடும் குழாய். அவன் லென்சை எடுத்தான். தோலை மூக்கருகே கொண்டுபோய் என்னவோ முணுமுணுத்தான். காய்ச்சல் மிச்சம் என்று ஹயாத் பாஷா நினைத்தான்.

அவன் தவழ்ந்துபோய்க் கற்களைப் பார்த்தான். சாம்பல் மேல் சாம்பலாக மறைந்திருந்தது எல்லாம் இப்போது மை வைத்து எழுதியதுபோல எழும்பி நின்றது. களியில் இருந்த இரும்பைப் பட்டைச்சாறு தேடிப்பிடித்துக் கறுப்பாக்கியிருந்தது. மணல் வெளுப்பாகவே இருந்தது. கடலோர மணலில் இறால் ஜாதிப் பூச்சி ஒன்று வளை தோண்டும். மணல் சரிந்து தலையில் விழாமலிருக்க வளையின் சுவருக்குக் களிமண் பூசிக்கொள்ளும். அந்தப் பூச்சு அத்தனையும் கறுப்பு வளையங்களாகத் தெரிந்தது. மணலும் களியும் சேருகிற இடத்துத் துண்டை எடுத்தான். அது இரண்டாக உடைந்திருந்தது. உடைந்தாலும் தெளிவாக இருந்தது. வெட்டுப்பட்ட அந்தத் தளத்திலிருந்து வளைகள் கீழே இறுகிய களிக்குள் இறங்கியிருந்தன. உள்ளே மேலிருந்து விழுந்த பருமணலும் சிப்பித் துணுக்கும். களியை அரித்தது கடல். அரித்த தரையில் முதலில் குடியேறியதும் கடலின் பிராணிதான். ஆற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

"கடல்" என்றான் தேவானந்தம்.

"இன்னா?" என்றான் ஹயாத் பாஷா.

"கடல்தாண்டா! கடலேதான்!" என்று எழுந்து, தோஸ்தைக் கட்டிக்கொண்டு, சாமிநாதனையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டான். தான் செய்தது தப்பா புண்ணியமா என்று தெரியாமல் மேஸ்திரி திணறிப்போனார். ஹயாத் பாஷா பெருமூச்சு விட்டு, "சரி வுடு. கறுப்புச் சாயம் அடிச்சி வித்துக்கறேன். உன் பேஜார் எப்பத்தான் தீருமோ" என்றான்.

அன்று சாயங்காலம் பொன்மலர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "குழியில விழுந்ததைச் சொல்லாம கடல்னு மட்டும் சொல்ல முடியாதா?"

"முடியாது. அது எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. சொன்னா கோரைக் கெடுத்ததுக்குத் தண்டனை. சொல்லலேன்னா பழையபடி ஆறா கடலான்னுதான் எழுதணும்."

"அப்ப எதைச் செய்யப் போறீங்க?"

அவன் வழக்கம்போல யோசிப்பான் என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். "சொல்லத்தான் போறேன்" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. பொன்மலருக்கு அன்று குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்துவிட்டது.

சென்னைக்குக் காலை ரயிலில் நல்ல கூட்டம். ஆனால் தேவானந்தத்தின் இரு பக்கத்திலும் இடம் காலியாகவே இருந்தது. அவன் மடியில் தினத்தாளில் சுருட்டிய தோல்.

ஆபீசில் நீளமான மேஜை. டில்லிப் பெரியவர் நடுவில், வேதாசலம் பக்கத்தில். தேவானந்தம் வணக்கம் சொல்லிவிட்டு, தோலை மேஜைமேல் விரித்தான். பெரியவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"என்னய்யா இது?" என்றார் வேதாசலம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"கடல், சார்."

"இது ஆடு!"

"ஆடுதான் சார். அதுமேல இருக்கறது கடல்."

ஒவ்வொரு வளையமாகத் தொட்டுக் காட்டி அவன் விளக்கினான். கோர் துண்டுகளைத் தோலின்மேல் வைத்துக் காட்டினான். முத்திரையும் அச்சும் போலப் பொருந்தின. குழி, சாமிநாதன், சேறாகிப்போன மூன்று துண்டு, எதையும் மறைக்கவில்லை. வேதாசலத்தின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. டில்லிப் பெரியவர் மட்டும் மெல்ல மெல்ல நாற்காலியை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, கடைசியில் தோலின்மேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்கே போடுங்க சார். மணல் இருக்கும்" என்று முடித்தான் தேவானந்தம்.

"இருக்கும்னா? நிச்சயமாவா?" என்றார் வேதாசலம். தன் காதையே அவர் நம்பவில்லை.

"நிச்சயமா."

"எண்ணெய்?"

"மணலுக்கு நான் ஜவாப்தாரி. அதுக்குள்ள எண்ணெய் ஊத்தினது நான் இல்ல சார்."

வடக்கே கிணறு போட்டார்கள். தேவானந்தம் கிணற்றடியிலேயே சாப்பிட்டு, கிணற்றடியிலேயே தூங்கினான். அவன் சொன்ன ஆழத்திலேயே, அடிக் களியைத் தொடுவதற்குமுன், மணல் வந்தது. அதே வெட்டுத் தளம், அதே சிப்பி, அதே வளைகள். முகாமே கைதட்டியது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் குழாயைத் திறந்தார்கள்.

பொங்கிக்கொண்டு வந்தது தண்ணீர். உப்புத் தண்ணீர். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

வேதாசலம் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல்னு சொன்னீங்க. கடலே நேர்ல வந்துடுச்சு" என்றார்.

தேவானந்தத்துக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தான் சொன்னது சரி என்று உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் அப்போது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வெளியில் காட்டினால் அடி விழும் என்றும் தெரிந்தது.

பத்து நாள் கழித்து வேதாசலம் அவனைக் கூப்பிட்டனுப்பினார். கோபமெல்லாம் வடிந்திருந்தது.

"நீங்க போட்ட கோடு சரி, தேவானந்தம். அந்தக் கோட்டுமேலயே மேட்டுப் பக்கமா அடுத்த கிணறு போடறோம். எண்ணெய் தண்ணிமேல மிதந்து அங்க ஒதுங்கியிருக்கும்னு பெரியவரும் நினைக்கறார். ஆனா கெட்டுப்போன கோருக்கு நான் யாரையாவது பதில் சொல்ல வச்சே ஆகணும். அந்த ஆட்டுத்தோலை எந்த ஃபைல்ல கோக்கறது, சொல்லுங்க பார்ப்போம்?"

மாற்றல் உத்தரவு மேஜைமேல் இருந்தது. சிவசாகர், அஸ்ஸாம்.

அவன் சத்துவாச்சாரி வந்து சேர்ந்தபோது பொன்மலர் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெள்ளைப் புடவையை மாற்றக்கூட இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஸ்ஸாமா?"

"அஸ்ஸாம்தான். பதினஞ்சாந் தேதி சேரணும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீயும் வா, பொன்மலர்" என்றான். "உன்னை விட்டுட்டு என்னால அங்க இருக்க முடியாது. நீ வரணும்."

டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. வார்டில் நோயாளியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அங்க ஆஸ்பத்திரி இருக்குதா?"

"காலனிக்குள்ளயே இருக்குது. ஸ்டாஃப் நர்சுக்கு ஆள் வேணுமாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிரங்க் கால் போட்டுக் கேட்டேன்."

"எப்ப?"

"கிணத்துல உப்புத் தண்ணி வந்த அன்னிக்கே. உத்தரவெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே."

பொன்மலர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தேவானந்தம் பதறிப்போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். அழுகைக்கு நடுவே அவள், அங்கே குளிர் எத்தனை மாசம், கம்பளிப் போர்வையை வேலூரிலேயே வாங்கிவிடுவதா, போகிற வழியில் வாங்குவதா என்று கேட்டாள்.

"இங்கேயே வாங்கிடலாம்" என்றான் அவன், "நாளைக்கே போய் வாங்கறோம்."